காஜா பெராங்கின் கடைசிப் படையெடுப்பு

நைல் நதிக்கரை, சிந்து நதிக்கரை, காஜா பெராங். உலக நாகரிகத் தொட்டில்களை இனி இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு பிப்ரவரி மாதம் மலாக்காவில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் தலைவர் பொன்னுதுரை. வழிமொழிந்தவர் செயலாளர் கணேசமூர்த்தி. நைல் நதிக்கரையிலிருந்தும் சிந்து நதிக்கரையிலிருந்தும் மறுப்பு எதுவும் வரவில்லை.

தீர்மானத்தை நிறைவேற்றியது மலாக்கா தமிழர் தொன்மை ஆய்வுக் கழகம். உறுப்பினர்களைவிடக் கழகத்தின் பெயரில் சொற்கள் அதிகம் என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். உண்மைதான். தலைவர், பொருளாளர், செயலாளர் என்று எல்லாருக்கும் பதவி இருந்தது. சாதாரண உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. ஆகையால் கழகத்தில் உட்பூசலும் இல்லை.

நாடு சுதந்திரம் அடையப்போகும் ஆண்டு அது. ஆகஸ்டில் கொடி மாறும். யார் எப்போது வந்தவர்கள், யார் எப்போதும் இருந்தவர்கள் என்ற விசாரணை காப்பிக்கடை தோறும் நடந்துகொண்டிருந்தது. பொன்னுதுரை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். பொருளாளர் ஷரீஃபுதீனின் தகப்பனார் நாகூரிலிருந்து வந்து, பட்டணத்தில் சட்டிபானைக் கடை வைத்தவர். கணேசமூர்த்தி மாயவரம் பக்கத்திலிருந்து வந்த தமிழ்ப்பள்ளி வாத்தியார். தாங்கள் வந்த கப்பலின் பெயர் மூவர் வீட்டிலும் நன்றாக நினைவிருந்தது. ஆகவே கப்பலுக்கு முன்பே தமிழர் இங்கே இருந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டிய அவசரம் மற்ற எல்லாரையும்விட அவர்களுக்குத்தான் அதிகம்.

இந்த மகத்தான பணியில் கணேசமூர்த்திக்கு ஒரு வசதி இருந்தது. அவர் மலாக்காவின் காஜா பெராங் பகுதியில், செட்டி கம்பம் என்ற பழைய குடியிருப்பின் ஓரமாக, பாக்கியலட்சுமி என்பவளின் வீட்டு முன்னறையில் வாடகைக்குக் குடியிருந்தார்.

பாக்கியலட்சுமி புருஷனை இழந்தவள். விடியற்காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி பஸ் நிற்கும் இடத்தில் விற்பாள். கட்டுவது மலாய்ப் பெண்களைப்போலச் சாரோங்கும் கபாயாச் சட்டையும், நெற்றியில் திருநீறு. பேசுவது மலாய், அதற்குள் போகி, பொங்கல், தாத்தா என்று சில தமிழ்ச் சொற்கள் மட்டும் கரையாமல் கிடக்கும். அவளுடைய ஆட்கள் இந்த மண்ணில் எத்தனை தலைமுறை என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. போர்த்துகீசியன் வந்து பீரங்கி சுட்டபோது தன் வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சமைத்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி என்பாள்.

இப்படி ஒருத்தி இருக்கும்போது தமிழரின் தொன்மைக்கு வேறு சான்று எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆய்வு முறைமை தெரியாதவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். உயிரோடு இருப்பவர்கள் சான்றாக மாட்டார்கள். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், அடுப்படிக்குப் பின்னால் புதுக் கக்கூஸுக்குக் குழி தோண்ட மருதமுத்துவை அவள் கூலிக்கு அமர்த்தியிருந்தாள். மருதமுத்து ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். இடுப்பளவு ஆழம் போனதும் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வாத்தியாரய்யா, கொஞ்சம் வந்து பாருங்க. மண்ணைவிட ஓடுதான் சாஸ்தியா இருக்கு. வெட்டு இறங்க மாட்டேங்குது."

கணேசமூர்த்தி காப்பிக் கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார். குழியின் பக்கச் சுவர் லாப்பிஸ் பலகாரம்போல அடுக்கடுக்காக இருந்தது. ஒரு வரிசை உடைந்த ஓடு, அதன்மேல் சாம்பல், கொஞ்சம் மண். அதன் கீழே மறுபடி ஓடு, மறுபடி சாம்பல், மறுபடி மண்.

சென்னையிலிருந்து வரும் பத்திரிகை ஒன்றில் அகழாய்வைப் பற்றி அவர் பாதிக் கட்டுரை படித்திருந்தார். மீதிப் பாதி அடுத்த இதழில் வருவதாக இருந்தது. அடுத்த இதழ் கப்பலில் எங்கோ தவறிவிட்டது. முதல் பாதியில், மண்ணில் அடுக்குகளைக் கண்ட ஆய்வாளர் மெய்சிலிர்த்தார் என்று இருந்தது. கணேசமூர்த்தி மெய்சிலிர்த்தார். அதற்குமேல் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார்.

பொன்னுதுரை குடையோடும் வெயில் தொப்பியோடும் வந்தார். வெயில் போய் நேரமாகியிருந்தது.

"மாஸ்டர், இது சாம்பல் எல்லோ?"

"சாம்பல்தாங்க ஐயா."

"அதுக்குக் கீழ உடைஞ்ச பானை."

"ஆமாங்க."

"அதுக்குக் கீழ திரும்பவும் சாம்பல். விளங்குதோ?"

"ஐயாவே சொல்லுங்க."

"உடைச்சிருக்கிறாங்கள். எரிச்சிருக்கிறாங்கள். சனம் திரும்பி வந்து குடியேறியிருக்கு. பிறகும் வந்து உடைச்சு எரிச்சிருக்கிறாங்கள்." பொன்னுதுரை குடையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "எங்கட சனம், மாஸ்டர். எத்தினை தரம் அழிஞ்சிருக்குப் பாரும்."

மருதமுத்து குழிக்குள்ளேயே தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். யாரோ தவறிப்போனார்கள் என்ற அளவுக்கு அவருக்கு விளங்கியது.

அடுப்படி ஜன்னலில் பாக்கியலட்சுமியின் தலை தெரிந்தது. வாத்தியாரை அவள் 'செகு' என்பாள். மலாயில் வாத்தியாருக்கு அதுதான் மரியாதை. அவள் மலாயில் சொன்னது இங்கே தமிழில் தரப்படுகிறது.

"செகு, என் பெரியோக்கைப் பார்த்து இவர் எதுக்கு அழறார்?"

பெரியோக் என்றால் பானை. அவள் மேலும் விளக்கினாள். போகிக்குப் போகி வீட்டில் உள்ள பழைய மண்பானையை எல்லாம் பின்னால் கொண்டுவந்து உடைத்துப் போடுவது. அடுப்புச் சாம்பலை வழித்து அதன்மேல் கொட்டுவது. மறுநாள் பொங்கலுக்குப் புதுப்பானை. அவள் செய்தாள், அவள் மாமியார் செய்தாள், மாமியாருக்கு மாமியார் செய்தாள். பானையை உடைப்பது வீட்டு ஆண்பிள்ளையின் வேலை.

"வீட்டுல ஆம்பளை இல்லைன்னு போன மாசம் உன் கையிலதானே குடுத்தேன். மேல கிடக்கிறது நீ உடைச்சதுதான் செகு. நல்லாப் பாரு, அடியில ஓட்டை இருக்கும்."

இருந்தது. கரிபிடித்த அந்தச் சோற்றுப்பானையைக் கணேசமூர்த்திக்கும் அடையாளம் தெரிந்தது. உடைக்கும்போது தலைமையாசிரியரை நினைத்துக்கொண்டதால் கொஞ்சம் பலமாகவே போட்டிருந்தார்.

"அவ என்ன சொல்லுறா?" என்றார் பொன்னுதுரை. மீன் கடையில் பேரம் பேசும் அளவுக்கும் அதற்கு மேலும் அவருக்கு மலாய் தெரியும். ஆனால் கழக நடவடிக்கைகளின்போது தமிழ் தவிர வேறு மொழி காதில் விழக் கூடாது என்று விதி இருந்தது. விதியை எழுதியவர் அவர்.

"தன்னோட பானைன்னு சொல்றாங்க ஐயா."

"பாத்தீரோ. கிண்டி முடிக்க முன்னமே உரிமை கோர வந்திட்டினம்."

கணேசமூர்த்தி ஒரு சமாதானத்துக்கு வந்தார். மேலே இருப்பது தாம் உடைத்ததாகவே இருக்கட்டும். அதற்குக் கீழே உள்ளவை நாகரிகமாக இருக்கலாம் அல்லவா?

கக்கூஸ் ஒத்திவைக்கப்பட்டது. அகழாய்வு தொடங்கியது.

பணி முறைப்படி நடந்தது. துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக் கொல்லையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். மருதமுத்து தோண்டினார், கழகம் மேற்பார்வை பார்த்தது. எடுத்த ஓடுகளைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, பள்ளிக்கூடச் சாக்பீஸால் எண் போட்டுப் பாயில் வரிசையாக வைத்தார் செயலாளர்.

"அடுப்புல இருந்தப்போ நானே இதை இவ்வளவு சுத்தமாத் தேய்ச்சதில்ல" என்று பாக்கியலட்சுமி அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிவந்து காட்டினாள். துணியை வேலியில் காயப்போட்டாள். ஆய்வாளர்களுக்கு வேளை தவறாமல் காப்பியும் கொடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்த ஷரீஃபுதீன் பாயில் இருந்த ஓடு ஒன்றைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கழுத்துப் பக்கம் விரலால் தடவினார்.

"தலைவரே, இது நம்ம கடைச் சட்டியால்ல இருக்கு. இந்தக் கழுத்துல கயிறு அழுத்தின கோடு பாருங்க. நம்ம சூளைக்காரன் போடுறது. எங்க அத்தா காலத்துலேருந்து இந்த அம்மா வீட்டுக்கு நாமதானே பானை குடுக்குறோம்."

கணேசமூர்த்தி தலைவரைப் பார்த்தார். தலைவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொருளாளர், நீங்கள் சொல்லுறதின்ர கனம் உங்களுக்கே விளங்கேல்லை. இந்தப் பானையும் உங்கட கடைப் பானையும் ஒண்டெண்டால் என்ன அர்த்தம்? அந்த மகா நாகரிகம் அழியேல்லை. உங்கட கடையில நடந்துகொண்டிருக்கு."

ஷரீஃபுதீன் கொஞ்சநேரம் யோசித்தார். அடுத்த வாரம் அவர் கடை முகப்பில் புதுப் பலகை தொங்கியது: 'தொன்மை மாறாத மண்பானைகள் கிடைக்குமிடம்'. அதற்குப் பிறகு அவர் எந்தப் பானையையும் அடையாளம் காணவில்லை. நிகழ்ச்சிக் குறிப்பில் கணேசமூர்த்தி எழுதினார்: 'பொருளாளர் தமது குலத்தொழிலின் பழமையை நெகிழ்ச்சியுடன் நினைவுகூர்ந்தார்.'

ஒரு முறை மட்டும் பழைய பழக்கம் ஷரீஃபுதீனை மீறி வந்துவிட்டது. நடு அடுக்கு ஒன்றில் பச்சை நிறக் கண்ணாடி உருண்டை கிடைத்தபோது, "கோலி சோடா கோலிங்க இது" என்றார்.

"நீங்கள் வியாபாரி. உங்களுக்குக் கோலியாத்தான் தெரியும்" என்றார் பொன்னுதுரை. "கோள்களின்ர ஓட்டத்தைக் கணிக்க வச்சிருந்த கருவி இது. அந்தக் காலத்தில சோடா ஏது?"

சோடா இல்லாத காலம் என்பதால் கோலியும் இல்லை என்று முடிவாயிற்று.

ஆய்வில் ஒரே ஒரு சிக்கல்தான் எழுந்தது. எதிரிகள் போதவில்லை. போர்த்துகீசியர், டச்சுக்காரர், வெள்ளைக்காரர், ஜப்பான்காரர் என்று மலாக்காவுக்கு வரலாறு அளித்திருந்த எதிரிகளை எல்லாம் ஆளுக்கு ஓர் அடுக்காகக் கொடுத்த பிறகும் அடுக்குகள் கீழே போய்க்கொண்டே இருந்தன. 'எதிரிகள் தேர்வு உபகுழு' அமைக்கப்பட்டது. உபகுழு சயாமியரையும் ஆச்சேக்காரரையும் பரிந்துரைத்தது. அதற்கும் கீழே இருந்தவற்றைப் பெயர் தெரியாத கடற்கொள்ளைக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டுக் கலைந்தது.

"இது எனக்குத் திருப்தியில்லை, மாஸ்டர்" என்று பொன்னுதுரை அடிக்கடி சொல்வார். "ஒரு கல்வெட்டுக் கிடைக்க வேணும். ஜெயிச்சவன் தன்ர பேரைக் கல்லில வெட்டாமல் போகமாட்டான். அது மனுஷ சுபாவம். அந்தக் கல் மட்டும் கிடைச்சால் ஆர் வந்து எங்கட சனத்தைக் கலைச்சது எண்டு ஒரு நிமிஷத்தில சொல்லிப்போடலாம்."

கல்லைத் தேடினார்கள். அடுப்படிப் படிக்கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். பாக்கியலட்சுமியின் அம்மிக்கல்லின் அடியில் மாவு பூசி எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார்கள். அன்று அவள் சம்பல் அரைக்கத் தாமதமாகி, முதல் பஸ்ஸுக்கு நாசி லெமாக் போகவில்லை. கழகம் வருத்தம் தெரிவித்தது, தமிழில்.

கண்டுபிடிப்புகளை விளக்கி அரசாங்கத்துக்கு மனு போயிற்று. எழுதியவர் கணேசமூர்த்தி. 'மேற்படி வீட்டின் கொல்லையைப் பாதுகாக்க வேண்டும்' என்று அவர் எழுதியதைத் தலைவர் 'மேற்படி வளாகம் முழுவதையும்' என்று திருத்தினார். கம்பீரமாக இருந்ததால் செயலாளர் ஆட்சேபிக்கவில்லை.

சுதந்திரத்தை முன்னிட்டு அப்போது எங்கெங்கும் எதையாவது திறந்துவைக்க வேண்டியிருந்தது. திறப்பதற்குப் பொருள்கள் குறைவாக இருந்தன. ஆகையால் மனுவுக்கு அதிசயமான வேகத்தில் பதில் வந்தது. ஜூலையில் ஒரு மத்தியானம் கணேசமூர்த்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டுக் கதவில் அரசாங்க அறிவிப்பு ஒட்டியிருந்தது. இடம் பாதுகாக்கப்படுகிறது. வேலி போடப்படும். ஆகஸ்டு திறப்புவிழாவுக்கு முன் வீட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும். நிலம் அரசாங்கத்துடையது, வீட்டுக்காரி ஆண்டுதோறும் புதுப்பித்துவந்த அனுமதி இனி புதுப்பிக்கப்படாது. மாற்று மனை, பட்டணத்துக்கு வெளியே புக்கிட் காதில் என்ற இடத்தில்.

பாதுகாக்கப்பட்ட இடத்தில் ஆட்கள் குடியிருக்கக் கூடாது என்பது பாதுகாப்பின் முதல் விதி.

கணேசமூர்த்தி அறிவிப்பை முழுவதும் படித்தார். 'வளாகம்' என்ற சொல் அதில் அச்சில் இன்னும் கம்பீரமாக இருந்தது.

பாக்கியலட்சுமி உள்ளே அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அன்று பிண்டாங் குழம்பு.

"செகு, புக்கிட் காதிலேருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"தெரியலையே அக்கா."

"விடியுமுன்ன டவுனுக்கு வரணும். அங்கயே விக்கலாம்னா யாரு வாங்குவா? மாடா?"

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"நான் போயிடுவேன், அது ஒண்ணும் இல்ல. தாத்தாமாருக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல. போகிக்குப் போகி இங்கதானே அவங்களுக்கு இலை போடுறேன். அடுத்த போகிக்கு வந்து பாப்பாங்க, வீடு இருக்காது, வேலிதான் இருக்கும். புக்கிட் காதிலுக்கு அவங்களுக்கு வழி தெரியுமா? உயிரோட இருக்கும்போதே என் மாமனார் கிளேபாங் போகணும்னா செமாபோக் பஸ்ஸுல ஏறிடுவார்."

அவள் சிரித்தாள். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"நீ போய்ச் சொல்லு செகு. அது அக்கா வீட்டுப் பானை, நானே உடைச்சேன்னு சொல்லு. நான் சொன்னா மலாய்ல இருக்கும், உங்க ஆளுக்குக் காதுல விழாது. உனக்குத்தான் நல்ல தமிழ் இருக்கே."

"சொல்றேன் அக்கா" என்றார் கணேசமூர்த்தி. அவருடைய சோற்றின்மேல் ஆணையாகத்தான் சொன்னார். அந்த நேரத்தில் அது உண்மையும்கூட.

அவசரக் கூட்டம் ஷரீஃபுதீன் கடைப் பின்னறையில், தொன்மை மாறாத பானைகளுக்கு நடுவில் கூடியது. கணேசமூர்த்தி எழுந்தார்.

"ஐயா, ஒரு விஷயம் சொல்லணும். அந்த மேல் அடுக்குப் பானையை உடைச்சது நான்."

"எப்ப?"

"இந்தப் போகிக்குங்க."

"எதுக்கு?"

"அக்கா குடுத்தாங்க. உடைச்சேன். வருஷா வருஷம் அவங்க வீட்டுல அப்படித்தான். எல்லா அடுக்குமே போகிதாங்க ஐயா. படையெடுப்பு ஒண்ணுமே நடக்கலை. நம்ம ஊர்லயும் போகிக்கு இதைத்தானே செய்வோம்."

ஷரீஃபுதீன் ஒரு பானையைத் தட்டிப் பார்த்துச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று ஆராய்ந்தார். பொன்னுதுரை கோபிக்கவில்லை. மகன் பரீட்சையில் தவறியதைக் கேட்ட தகப்பனைப்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"தம்பி, நீர் இதை உடைச்சதைக் கண்டது ஆர்?"

"அந்த அக்காதான்."

"அவ தமிழோ?"

கணேசமூர்த்திக்கு ஒரு கணம் எல்லாமே வெளிச்சமாகத் தெரிந்தது. "தமிழ்தானுங்க ஐயா. அதைத்தானே நாம தேடிக்கிட்டிருக்கோம். வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியிருந்தே அந்தக் குடும்பம் இங்க இருக்கு. போகி கும்பிடுது, பொங்கல் வைக்குது. தோண்டவே வேண்டாம். அவங்களையே கூட்டிட்டுப் போய் மேடையில உட்கார வச்சா முடிஞ்சது."

"கபாயா போட்டவளை மேடையில ஏத்தி, மலாயில கதைக்க விட்டு, இவதான் எங்கட தொன்மை எண்டு சொல்லச் சொல்லுறீரோ? சனம் சிரிக்கும். எங்களைப் பாத்து, தம்பி, எங்களைப் பாத்து." பொன்னுதுரை குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஆரும் உம்மைக் கேப்பாங்கள், நீ எப்ப வந்தனீ எண்டு. என்ன சொல்லுவீர்? கப்பல் டிக்கெட்டைக் காட்டுவீரோ? அந்தக் கொல்லைக்குள்ள இருக்கிறது எங்கள் எல்லாரின்ரயும் உரிமை. ஒரு வீடு பெரிசோ, ஒரு இனம் பெரிசோ?"

"அந்த வீட்டுல இருக்கிறதும் அந்த இனம்தானேங்க."

"அது உம்மட ஆராய்ச்சி. கட்டுரையா எழுதித் தாரும், ஆண்டு மலரில போடுவம்." பொன்னுதுரை சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். திறப்புவிழா அழைப்பிதழ். மேடையில் அமர்வோர் வரிசையில் மூன்றாவதாக, 'ஆய்வுச் செம்மல்' கணேசமூர்த்தி என்று அச்சாகியிருந்தது. மை இன்னும் மணத்தது. "தலைமையாசிரியருக்கும் ஒண்டு அனுப்பியாச்சு. அவர் கீழ இருப்பார், சனத்தோட."

கணேசமூர்த்தி அழைப்பிதழைப் பார்த்தார். 'செம்மல்' என்ற சொல்லில் பிழை இல்லை. தலைமையாசிரியர் கீழே, சனத்தோடு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது மனக்கண்ணில் தெரிந்தது.

"தீர்மானத்தை வாக்குக்கு விடுறன்" என்றார் தலைவர். "வளாகத்தைக் காலி செய்ய அரசாங்கம் எடுத்த முடிவைக் கழகம் வரவேற்கிறது. ஆதரிக்கிறவை?"

பொன்னுதுரை கை தூக்கினார். ஷரீஃபுதீன் தூக்கினார். கணேசமூர்த்தி தூக்கவில்லை. இதை அவர் பிற்காலத்தில் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கை தூக்க முடியாதபடி அந்தக் கையில் பேனா இருந்தது. அது அப்போது நிகழ்ச்சிக் குறிப்பில் 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டிருந்தது.

விழாவுக்கு முதல் நாள் லாரி வந்தது. வீட்டின் பலகைகளை ஏற்கெனவே பிரித்துக் கட்டிவிட்டார்கள். அடுப்படிக் கூரை மட்டும் நின்றது. கணேசமூர்த்தி செமாபோக்கில் ஓர் அறை பார்த்திருந்தார். ஆனாலும் வழியனுப்ப வந்தார். அவளை நேராகப் பார்க்க முடியாமல் மருதமுத்துவுக்குக் கட்டில் தூக்க உதவினார்.

"சொன்னேன் அக்கா" என்றார்.

"தமிழ்லதானே சொன்ன?"

"தமிழ்லதான்."

"அப்பவும் காதுல விழலையா. பாவம், அவருக்கு வயசாயிடுச்சு" என்றாள் பாக்கியலட்சுமி. சாமி விளக்கையும் அம்மியையும் லாரியில் ஏற்றினாள். பிறகு அடுப்படிக்குள் போய்ப் பானைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவந்து அடுக்கினாள். வீட்டை விட்டுப் போகும்போது பழைய பானையைக் கூடக் கொண்டுபோகக் கூடாது. அதுவும் அவர்கள் வழக்கம். ஒன்றில் காலையில் வடித்த சோறு அடியில் ஒட்டியிருந்தது. அதை அவரிடம் நீட்டினாள்.

"இந்தா செகு. வீட்டுல ஆம்பளை இல்ல."

அவர் வாங்கினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை அவர் படித்த தமிழில் கிடைக்கவில்லை. பானை கொல்லைக் கல்லில் பட்டுச் சிதறியது. மற்றதையும் உடைத்தார். அவள் அடுப்புச் சாம்பலை முறத்தில் வழித்து வந்து அதன்மேல் கொட்டினாள். கொஞ்சம் கங்கும் இருந்தது. பிறகு லாரியில் ஏறி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, புக்கிட் காதிலுக்கு எந்த வழியாகப் போகிறாய் என்று அவனிடம் விவரமாகக் கேட்டாள். வழி நெடுக அவள் பின்னால் திரும்பி, ஒவ்வொரு முனையிலும் யாருக்கோ கைகாட்டி வழி சொல்லிக்கொண்டே போனதாக, சாமான்களோடு லாரியில் கூடப் போன மருதமுத்து திரும்பி வந்து சொன்னார்.

மறுநாள் திறப்புவிழா சீரும் சிறப்புமாக நடந்தது. பந்தல், வாழைமரம், நாதஸ்வரம். தலைமையாசிரியர் கீழே, சனத்தோடு இருந்தார். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த இளம் அதிகாரியைத் தலைவர் குழியைச் சுற்றி அழைத்துப் போனார். மேல் அடுக்கைக் கண்டதும் அதிகாரி குனிந்தார். ஓட்டில் சோறு ஒட்டியிருந்தது. சாம்பலின் மேல் கையை நீட்டியவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். சூடு.

இது எந்தக் காலம் என்று அதிகாரி மலாயில் கேட்டார். அன்று தலைவருக்கு மலாய் நன்றாகக் காதில் விழுந்தது.

"கடைசி அழிவு" என்று அவரும் மலாயிலேயே விளக்கினார். "பாருங்கள், சோறுகூடச் சாப்பிட்டு முடிக்கவில்லை. அவ்வளவு அவசரமாகப் போயிருக்கிறார்கள்."

"எங்கே போனார்கள்?"

"அதுதான் வரலாற்றின் மர்மம்."

"அவர்களைத் துரத்தியது யார் என்று தெரிந்ததா?"

"அதற்கு ஆதாரம் இல்லை" என்று பொன்னுதுரை கைகளை விரித்தார். "தோண்டாத இடம் இல்லை. பெயர் வெட்டிய கல் ஒன்று கிடைத்திருந்தால் இந்நேரம் உலகத்துக்கே சொல்லியிருப்போம்."

அதிகாரி வருத்தத்தோடு தலையசைத்துவிட்டு, வேலி வாசலில் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்த நினைவுக்கல்லின் அருகே வந்தார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. அவர் நாடாவை இழுத்தார். துணி நழுவியது.

'தொன்றுதொட்டுத் தமிழ்க்குடி வாழ்ந்திருந்த இடம். பகைவரால் அழிந்தது' என்று பளிங்கில் பொறித்திருந்தது. அதன் கீழே ஆழமாக, மழைக்கும் வெயிலுக்கும் அழியாதபடி மூன்று பெயர்கள் வெட்டியிருந்தன. பொன்னுதுரை. ஷரீஃபுதீன். ஆய்வுச் செம்மல் கணேசமூர்த்தி.

கழகம் பிப்ரவரியிலிருந்து தேடிக்கொண்டிருந்த கல், இவ்வாறாக, எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது கிடைத்தது.